பர்வதமலைக்கு அடுத்து எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகலாமா?

கேள்வி குடியாத்தத்திலிருந்து வந்தது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: வயது 36. பர்வதமலை பல தடவை, வெள்ளியங்கிரி ஒரு தடவை ஏறியாகிவிட்டது, பெரிதாக மூச்சு வாங்கவில்லை. இரண்டு நண்பர்களோடு முதல் முறையாக இமயமலையில் ட்ரெக் போக ஆசை. நேராக எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகலாமா, இல்லை சின்னதாக ஒன்றில் தொடங்க வேண்டுமா? வேலூர் வெயிலில் இருந்துகொண்டு அதற்கு எப்படித் தயாராவது?

பர்வதமலை ஏறுகிறவருக்குக் கால் பலத்தைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சங்கிலியைப் பிடித்து, கடப்பாறைப் படியில் கால் வைத்து மேலே போய், அதே வழியில் இறங்கி வருகிறவரை இமயமலையின் சாதாரண ட்ரெக் பாதை பயமுறுத்தாது. பாதி தயாரிப்பு முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியில்தான் சிக்கல். அதை வேலூரில் மட்டுமல்ல, தென்னிந்தியாவில் எங்கே இருந்தும் தயார் செய்ய முடியாது.

கணக்கைப் பாருங்கள். வேலூர் கடல் மட்டத்திலிருந்து இருநூறு சொச்சம் மீட்டர். பர்வதமலையை 4,560 அடி என்று சொல்வார்கள், மீட்டரில் 1,400-க்குள். வெள்ளியங்கிரி ஏழாவது மலை 2,000 மீட்டரைத் தொடாது. தொட்டபெட்டா 2,637. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695. உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் வரும் உயர நோய் சுமார் 2,500 மீட்டரில்தான் தலைகாட்டவே ஆரம்பிக்கும். அதாவது நம் பக்கத்து மலைகள் எல்லாம் முடிகிற இடத்தில்தான் அந்த விளையாட்டே தொடங்குகிறது. நீங்கள் உயரத்தில் எப்படி இருப்பீர்கள் என்பது உங்களுக்கும் தெரியாது, உங்கள் டாக்டருக்கும் தெரியாது. முதல் ட்ரெக் என்பதே அதைக் கண்டுபிடிக்கத்தான்.

"மேலே ஆக்சிஜன் கம்மி" என்று எல்லாரும் சொல்கிறோம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் இங்கேயும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 3,500 மீட்டரில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 5,500 மீட்டரில் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜனும் அதே அளவில் குறையும். உடம்பு உடனே வேகமாக மூச்சு விட்டுச் சமாளிக்கப் பார்க்கும். அப்படி விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தம் காரத்தன்மைக்குச் சாயும், மூளை அதைப் பார்த்து மூச்சுக்குக் கடிவாளம் போடும். சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப் பொருளை வெளியே தள்ளி இதைச் சரிக்கட்ட வேண்டும், அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். மேலே போனதும் அடிக்கடி சிறுநீர் வருவது இதனால்தான். பயப்பட வேண்டாம், உடம்பு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

இந்தச் சில நாட்களைக் குறைக்க ஜிம்மாலும் முடியாது, ஓட்டத்தாலும் முடியாது. தினமும் கோட்டையைச் சுற்றி ஓடுகிறவருக்கும் உயர நோய் வரும், ஓடாதவருக்கும் வரும். சொல்லப்போனால் நல்ல தெம்பான ஆட்கள்தான் "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொரு நம்பிக்கையும் நம் பக்கத்தில் உண்டு: ரயிலில் போனால் உடம்பு மெதுவாகப் பழகிவிடும், விமானத்தில் போனால்தான் ஆபத்து என்று. காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி போய் இறங்கினாலும் அதே இருநூறு சொச்சம் மீட்டர்தான். இடுப்பு வலிதான் மிச்சம். விமானம் பற்றிய எச்சரிக்கை லடாக்கில் உள்ள லே மாதிரி ஊருக்குப் பொருந்தும். அங்கே இறங்குகிற இடமே 3,500 மீட்டர்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? விளம்பரங்கள் எல்லாம் உச்சியின் உயரத்தைப் பெரிய எழுத்தில் போடும். அதைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்தில் தூங்கப் போகிறீர்கள் என்று கேட்டு, ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பகலில் உச்சிக்குப் போய் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுவதை உடம்பு பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். தூக்கத்தில் மூச்சு தானாகவே தணியும், ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இறங்கும், அதனால் பெரும்பாலான தொந்தரவு ராத்திரியில் முளைத்து விடியற்காலையில் தலைவலியாக எழுந்து உட்காரும். மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்கிற கணக்கு இது: 3,000 மீட்டரைத் தாண்டியபின், தூங்கும் உயரம் ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னொரு ராத்திரி தங்க வேண்டும். நீங்கள் எழுதிய தாளை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் எந்த ட்ரெக் நல்லது என்று யாரையும் கேட்கவே வேண்டாம்.

இப்படிப் பார்த்தால் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பற்றி நீங்கள் எதிர்பார்க்காத ஒரு பதில் வரும். அது 5,364 மீட்டர், பெரிய உயரம்தான். ஆனால் ஒழுங்காகப் போட்ட திட்டத்தில் நேபாளத்தின் லுக்லாவில் 2,860-ல் தொடங்கி, நாம்சேயில் 3,440-ல் இரண்டு ராத்திரி, டிங்போச்சேயில் 4,410-ல் இரண்டு ராத்திரி என்று நின்று நிதானித்து, போகவர 12 நாளுக்கு மேல் ஆகும். மாறாக, "புதியவர்களுக்கு ஏற்றது" என்று விற்கப்படும் ஹம்ப்டா பாஸில் மணாலியிலிருந்து கிளம்பி நடை தொடங்கிய மூன்றாம் நாளே 4,270 மீட்டர் கணவாயைக் கடக்க வைக்கிறார்கள். உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டாவதுதான் உடம்பை அதிகம் அவசரப்படுத்துகிறது. இருந்தாலும் முதல் தடவைக்கு எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வேண்டாம் என்பேன். காரணம் உயரம் மட்டுமல்ல. ஐந்தாம் நாள் உங்களுக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால், அவ்வளவு பணமும் லீவும் போட்ட பிறகு திரும்பி வர மனசு வராது. மனசு வராதவர்கள்தான் தலைவலியை மறைக்கிறார்கள். தோற்றாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய ட்ரெக்காக முதல் ட்ரெக் இருக்க வேண்டும்.

என் தேர்வு ஹர் கி தூன். உத்தராகண்டில், டேராடூனிலிருந்து ஒரு முழுப் பகல் மலைச்சாலைப் பயணம், சாங்க்ரி என்ற ஊர், உயரம் 1,900 சொச்சம். முதல் ராத்திரி அங்கே. அப்புறம் ஆற்றை ஒட்டிய பள்ளத்தாக்கில் மெதுவாக ஏறுகிற பாதை, வழியில் மரவீடுகள் உள்ள கிராமங்கள், ஒஸ்லா பக்கம் 2,600 மீட்டர் வாக்கில் தங்கல், கடைசியில் 3,566 மீட்டரில் ஹர் கி தூன். எதிரே 6,252 மீட்டர் ஸ்வர்காரோகிணி சிகரம். தலை வலித்தால் வந்த வழியே இறங்கினால் போதும். நடுவில் கடந்தே தீரவேண்டிய கணவாய் எதுவும் இல்லை. ஒஸ்லா பக்கத்தில் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்கிப் போகிற குழுவாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

வட ஆர்க்காட்டுக்காரருக்கு அங்கே வேறொரு சுவாரசியமும் உண்டு. பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு ஏறிப் போன வழி அந்த ஸ்வர்காரோகிணி என்பது அங்குள்ள நம்பிக்கை. ஒஸ்லாவில் உள்ள பழைய மரக்கோயிலை வெளியூர்க்காரர்கள் துரியோதனன் கோயில் என்பார்கள், ஊர்க்காரர்கள் சோமேஷ்வர் கோயில் என்பார்கள். நம் ஊர்த் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து கட்டி, கடைசி நாள் மண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்து அடித்துப் படுகளம் நடத்துகிறோம். அந்தப் பள்ளத்தாக்கில் அவன் பெயரைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

லீவு குறைவு என்றால் தயாரா புக்யால் என்ற மலைப் புல்வெளி, அல்லது சோப்டாவிலிருந்து துங்கநாத், சந்திரசிலா. துங்கநாத் சிவன் கோயில் 3,680 மீட்டரில் இருக்கிறது, கோயில் வரை கல் பாவிய பாதை. அங்கே ஒரு எச்சரிக்கை மட்டும்: பாதை சுலபமாக இருப்பதால் ஆட்கள் காரில் வந்து இறங்கி ஒரே மூச்சில் ஏறிவிடுகிறார்கள். சோப்டா பக்கம் ஒரு ராத்திரி தூங்கிவிட்டு ஏறுங்கள். ரொம்பப் பேர் சொல்லும் கேதார்காந்தா 3,810 மீட்டர், நல்ல ட்ரெக்தான், ஆனால் அதைப் பெரும்பாலும் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை பனிக்காகப் போகிறார்கள். உயரமும் புதிது, பனியும் புதிது, மைனஸ் குளிரில் கூடாரத்தில் தூங்குவதும் புதிது என்றால் எது உங்களைப் படுத்துகிறது என்றே புரியாது. போதாததற்கு டிசம்பர் கடைசியில் கூட்டம் நம் கிரிவலப் பாதையை ஞாபகப்படுத்தும்.

காலம் என்று பார்த்தால் மே முதல் ஜூன் ஆரம்பம் வரை ஒன்று, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை இன்னொன்று. ஜூலை, ஆகஸ்டில் உத்தராகண்ட் சாலைகள் நிலச்சரிவில் அடைபடும். பூக்களின் பள்ளத்தாக்குக்கு அதுதான் சீசன் என்றாலும் முதல் தடவைக்கு வேண்டாம். என்னைக் கேட்டால் அக்டோபர். வானம் கழுவிவிட்டது போல இருக்கும், தயாரிக்கவும் உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

தயாரிப்புக்கு மூன்று மாதம் போதும். உங்களைப் போல் ஏற்கனவே மலை ஏறுகிறவருக்கு ஏறும் பயிற்சியைவிட இறங்கும் பயிற்சிதான் முக்கியம். ஏறும்போது நெஞ்சு வேலை செய்கிறது, இறங்கும்போது தொடை. ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது, அந்த மாதிரி வேலைதான் தசையை அதிகம் காயப்படுத்தும். பர்வதமலை போய்வந்த மறுநாள் மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கியிருப்பீர்களே, அது இதனால்தான். நல்ல செய்தி என்னவென்றால் தொடை இதை வேகமாகக் கற்றுக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீண்ட இறக்கம் ஒன்று கொடுத்தால் மூன்றாவது தடவையே வலி நன்றாகக் குறைந்திருக்கும்.

இதற்குச் சோளிங்கர் பெரிய மலையைவிடச் சௌகரியமான இடம் நம் பக்கத்தில் இல்லை. 1,305 படி, நிழல் உண்டு, தண்ணீர் உண்டு, வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆள் உண்டு. ரோப்கார் வந்துவிட்டதால் படியில் நெரிசலும் குறைவு. முதல் மாதம் வெறும் பையோடு ஏறி இறங்குங்கள். அடுத்த மாதம் பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு. முட்டி முரண்டு பிடித்தால் மேலே போய் ஒரு பாட்டிலைக் கொட்டிவிட்டு இறங்கலாம். கடைசி மாதம் கொட்டாமல் இறங்குங்கள், பை ஏழெட்டு கிலோ வரை போகட்டும், ஒரே காலையில் இரண்டு முறை. வார நாட்களில் வீட்டு மாடிப்படியோ பாலமதி மலைச்சாலையோ போதும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் ஏறுங்கள். பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். இமயமலையில் வழிகாட்டி நடக்கும் வேகத்தைப் பார்த்தால் முதல் நாள் உங்களுக்கு எரிச்சல் வரும், மூன்றாம் நாள் அதன் அருமை தெரியும்.

அக்னி நட்சத்திர நாட்களில் விடிவதற்குள் ஏறி, எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். நாற்பது டிகிரியில் கருங்கல் படியில் பையைச் சுமந்து ஏறுவதால் உயரத்துக்கு எந்தப் பயிற்சியும் கிடைக்காது, வெப்பத்தாக்குதான் கிடைக்கும். ஜவ்வாது மலைக் காட்டுக்குள் பயிற்சிக்குப் போக நினைத்தால் வனத்துறை அனுமதி வாங்குங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 23 பேர் இறந்தபின் விதிகள் கடுமையாகிவிட்டன. அது நியாயமும்கூட.

இப்போது செருப்புக்கு வருகிறேன். எனக்குச் சோறு போடுவது ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனி, அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூரில் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் ஷூ மலிவாகக் கிடைக்கும், தோல் அருமையாக இருக்கும், அதைப் போட்டே போய்விடலாம் என்று உங்கள் நண்பர்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார். ஆபீஸ் ஷூவின் லாஸ்ட் வேறு, மலை ஷூவின் லாஸ்ட் வேறு. லாஸ்ட் என்பது ஷூ எந்தக் கால் அச்சின் மேல் இழுத்துத் தைக்கப்படுகிறதோ அது. ஆபீஸ் ஷூவில் முன்பக்கம் அழகுக்காகக் குறுகும். மலை ஷூவில் விரல்கள் விரிந்து கிடக்க இடம் விட்டிருப்பார்கள், குதிகால் பக்கம் இறுக்கமாக இருக்கும். விரலுக்கு இடமும் குதிகாலுக்குப் பிடிப்பும் இரண்டும் வேண்டும். ஒன்று தவறினாலும் இறக்கத்தில் விரல் நுனி போய் முட்டி, கட்டை விரல் நகம் கறுத்துவிடும். சில மாதம் கழித்து அந்த நகம் கழன்று விழும்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள், நடந்து திரிந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். ட்ரெக்கில் போடப் போகிற தடித்த சாக்ஸையே எடுத்துப் போங்கள். லேஸ் கட்டாமல் காலை முன்னே தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு லேஸை இறுக்கிக் கட்டி, கடையில் சாய்தளமோ படியோ இருந்தால் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் இடித்தால் வேண்டாம். குதிகால் தூக்கினால் லேஸின் கடைசி இரண்டு ஓட்டையில் பக்கத்துக்கு ஒரு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதில் நுழைத்து இழுத்துக் கட்டிப் பாருங்கள். பாதி ஷூக்கள் அதிலேயே சரியாகிவிடும். ஏற்றத்தில் கணுக்கால் பக்கம் சற்றுத் தளர்வாக, இறக்கம் தொடங்கும் முன் உட்கார்ந்து இறுக்கமாக. இதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது, ஆனாலும் யாரும் செய்வதில்லை.

இன்னொன்று, கடைக்காரர்கள் சொல்லாதது. அண்ணன் ஐந்தாறு வருஷம் முன்னால் வாங்கி இரண்டே தடவை போட்டு அலமாரியில் வைத்த ஷூ, பார்க்கப் புத்தம் புதிது, அதை வாங்கிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நிறைய மலை ஷூக்களில் அடிப்பாகத்துக்கும் மேல்தோலுக்கும் நடுவில் பாலியூரித்தேன் அடுக்கு ஒன்று இருக்கும், சுருக்கமாக பி.யூ. என்போம். காற்றில் உள்ள ஈரம் பட்டுப் பட்டு அது உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டு வரும். போடாமல் சும்மா வைத்தாலும் நிற்காது. வெளியே ஒன்றும் தெரியாது. மலையில் இரண்டாம் நாள் திடீரென்று சோல் மொத்தமாக வாய் பிளக்கும். கட்டை விரல் நகத்தால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். பொடி உதிர்ந்தாலோ அழுத்திய தடம் அப்படியே நின்றாலோ அந்த ஷூவின் கதை முடிந்தது. புதிது வாங்கினால் ட்ரெக்குக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, சோளிங்கர் படி எல்லாவற்றுக்கும் அதையே போடுங்கள். எங்காவது உறுத்திச் சூடாகத் தெரிந்தால் கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் உடனே உட்கார்ந்து மைக்ரோபோர் டேப் ஒட்டுங்கள்.

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்கழி விடியலுக்கே குல்லா போடுகிற ஊர் நம்முடையது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும், காற்று அடித்தால் இன்னும் குறைந்த மாதிரி இருக்கும். பருத்திச் சட்டை வேண்டாம், வியர்வையை வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் நடுங்க வைக்கும். உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, நடுவில் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கை நூல் சட்டை, மேலே காற்றும் மழையும் புகாத ஒன்று, ராத்திரிக்குத் தடித்த ஜாக்கெட். ஜாக்கெட்டை வாங்க வேண்டாம், சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும், ஊன்றுகோலும் கிடைக்கும். ஊருக்கு வந்தால் அந்த ஜாக்கெட்டை எங்கே போடப் போகிறீர்கள்? கறுப்புக் கண்ணாடி மட்டும் நல்லதாக வாங்குங்கள், உயரத்தில் புறஊதாக் கதிர் அதிகம்.

உடல் பரிசோதனையில் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் பாருங்கள். வீட்டில் யாருக்காவது இதய நோய் இருந்தால், அல்லது உங்களுக்கு மேலே சொன்னவற்றில் ஏதாவது கோளாறு இருந்தால், இதய மருத்துவரிடம் ட்ரெட்மில் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அசெட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ், பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். சிறுநீரகம் இரண்டு மூன்று நாளில் செய்யும் வேலையை அது வேகப்படுத்துகிறது, வலியை மறைக்கும் மாத்திரை அது இல்லை. தடுப்புக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. விரல் நுனி மரத்து ஊசி குத்தும், சிறுநீர் அதிகம் போகும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். ஹர் கி தூன் மாதிரி நிதானமான ட்ரெக்குக்கு எல்லாருக்கும் இது தேவைப்படாது. கற்பூரத்தை முகர்வது, பூண்டு சூப், சின்ன ஆக்சிஜன் டப்பா என்று நிறைய விற்பார்கள். சூப்பைக் குடியுங்கள், சூடாக இருக்கும். டப்பா ஆக்சிஜன் சில நிமிஷத்தில் தீர்ந்துபோகும்.

மேலே போனபின் நினைவில் இருக்க வேண்டியது அதிகம் இல்லை. 2,500 மீட்டருக்கு மேல் தலை வலித்து, கூடவே குமட்டலோ பசியின்மையோ அசதியோ தலைசுற்றலோ இருந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை அது உயர நோய்தான். நம் ஆட்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். "பித்தம்", "பஸ்ஸில் வந்த அலுப்பு", "ராத்திரி சரியாகத் தூங்கவில்லை" என்று சொல்லி நெற்றியில் அமிர்தாஞ்சனம் தேய்த்துக்கொண்டு அடுத்த முகாமுக்குக் கிளம்பிவிடுவார்கள். தலைவலி இருக்கும்வரை மேலே போகாதீர்கள். அதே உயரத்தில் இருங்கள், தண்ணீர் குடியுங்கள், பாராசிட்டமால் போடலாம், பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகும். அதிகமானால் இறங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினால், இருமலோடு நுரை வந்தால், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. பேச்சு குழறினால், ஒரு கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னால் தள்ளாடினால், மூளை வீங்குகிறது. இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் டார்ச் வெளிச்சத்தில், ஆள் துணையோடு, கீழே.

நண்பர்கள் மூவரும் கிளம்பும் முன்பே ஒன்றைப் பேசி வையுங்கள்: தினம் சாயங்காலமும் காலையும் ஒவ்வொருவரும் தலைவலி உண்டா இல்லையா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஒருவர் இறங்கினால் இன்னொருவர் கூட இறங்க வேண்டும். யார் என்பதையும் ஊரிலேயே முடிவு செய்யுங்கள். மலையில் வைத்து முடிவு செய்தால் முகம் கோணும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று எடுத்துப் போகலாம், ஆனால் 3,500 மீட்டரில் 80-களின் கடைசியில் எண் காட்டுவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், அந்த உயரத்துக்கு அது வழக்கம்தான். ஆள் எப்படி இருக்கிறார் என்பதுதான் முதலில். மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம், இரண்டும் தூக்கத்தில் மூச்சை இன்னும் தணிக்கும்.

சாப்பாட்டுக்குச் சப்பாத்தி, பருப்பு, கிச்சடி கிடைக்கும். 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்பதால் குக்கர் இல்லாமல் வைத்த சோறு நடுவில் நறுக்கென்று இருக்கும். பசியும் மந்திக்கும். ஒரு டப்பா பருப்புப் பொடி, கொஞ்சம் ஊறுகாய் எடுத்துப் போங்கள். சாப்பிடாதவருக்கு நடக்கவும் தெம்பு இருக்காது, குளிரும் அதிகம் தெரியும்.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை விட்டுவிட்டு நாலு கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரம்? திட்டத்தில் உபரி நாள் உண்டா? ஒருவர் பாதியில் இறங்கினால் கூட வர வழிகாட்டி மிச்சம் இருப்பாரா? ஆக்சிஜன் சிலிண்டர் எந்த முகாம் வரை வரும்? முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவர்களிடம் பணம் கட்டுங்கள். உபரி நாள் வெறும் ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். 2024 ஜூனில் உத்தராகண்டின் சகஸ்திர தால் பாதையில் பெரும்பாலும் கர்நாடகாக்காரர்கள் இருந்த 22 பேர் குழு திரும்பும் வழியில் பனிப்புயலில் மாட்டி ஒன்பது பேர் இறந்தார்கள். ஜூன், நல்ல சீசன்தான். வானம் கெட்டால் முகாமிலேயே உட்கார ஒரு நாள் கையில் இருக்க வேண்டும், திரும்பும் ரயில் டிக்கெட்டை அதற்கும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

ஹர் கி தூன் போய்வந்து, 3,500 மீட்டரில் நன்றாகத் தூங்கினோம் என்று மூவரும் சொன்னால், அடுத்த வருஷமே எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்குத் திட்டம் போடலாம், நடுவில் வேறொன்று தேவையில்லை. நாம்சே, டிங்போச்சே ஓய்வு நாட்களை மிச்சம் பிடிக்காத திட்டமாக மட்டும் பாருங்கள். மூவரில் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவர் இன்னொரு முறை இன்னும் மெதுவாக முயன்று பார்க்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பலருக்கு இப்படித்தான்.

கடைசியாக, சாங்க்ரியைத் தாண்டினால் போனை நம்ப முடியாது. வீட்டில் இன்ன தேதி போன் வரும் என்று சொல்லும்போது, உண்மையான தேதிக்கு ஒரு நாள் கூட்டியே சொல்லுங்கள்.